கூட்டம் பெருகினால் பேச்சு கெடுமா?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில், பொதுக்குழுவுக்கு முன் காலை அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்கு இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார். "சாப்பாடு ஆறிப்போயிடும், பார்த்துப் பேசுங்க" என்றும் சொல்லியிருக்கிறார். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

இன்று பிற்பகல் பொதுக்குழுவிலே ஒரு தீர்மானம் வர இருக்கிறது. நம் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவிலே இனி நிர்வாகிகள் மட்டும்தான் எழுதலாம், மற்றவர்கள் படிக்கலாம் என்பது அந்தத் தீர்மானம். கொண்டு வருகிறவர்கள் சங்கத்துக்காக ஓடியாடி உழைத்தவர்கள். அவர்கள் சொல்லும் காரணமும் பொய்யில்லை. அறுபது பேரோடு ஆரம்பித்த குழு. வாட்ஸ்அப்காரர்கள் 2016இல் ஒரு குழுவுக்கு 256 பேர் என்று வைத்திருந்த உச்சவரம்பை 2022இல் 1,024 ஆக உயர்த்தினார்கள். நாமும் கூடவே பெருகி இன்று 900ஐத் தாண்டிவிட்டோம். காலையிலே கண் விழித்தால் ரோஜாப்பூப் போட்ட 'குட் மார்னிங்' நாற்பது. தேர்தல் வந்தால் அண்ணன் தம்பி உறவு போய்விடுகிறது. போன மாதம் இறுதியாண்டு மாணவி ஒருவர், தன் புராஜெக்ட்டுக்கு வழிகாட்ட யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டிருந்தார். இரண்டு மூத்தவர்களின் கட்சிச் சண்டைக்கு நடுவே அந்தக் கேள்வி புதைந்து போயிற்று. அதற்குப் பிறகு அவர் எதையும் கேட்கவேயில்லை.

இப்படி இருந்தால் வாயை மூடிவிடலாம் என்று நிர்வாகிகளுக்குத் தோன்றுவது இயற்கை. ஆனாலும் நான் அந்தத் தீர்மானத்தை எதிர்த்துத்தான் பேசப் போகிறேன். "சும்மா விடுங்க சார், தானா சரியாயிடும்" என்கிற கட்சியிலும் நான் இல்லை. கூடிப் பேசுகிற கூட்டம் திடீரென்று பெருகும்போது என்ன ஆகிறது, யார் எதைச் செய்து தப்பித்தார்கள், யார் எதைச் செய்யாமல் கெட்டார்கள் என்பதற்கெல்லாம் உலகத்திலே நாற்பது வருடத்துக்கும் மேலான அனுபவம் இருக்கிறது. அதைக் கொஞ்சம் பார்த்துவிட்டுப் பிறகு கை தூக்குவோமே என்பதுதான் என் விண்ணப்பம்.

யூஸ்நெட் என்று ஒன்று. இங்கே இருக்கிற மாணவர்களில் பலர் பெயரைக் கூடக் கேட்டிருக்க மாட்டீர்கள். அமெரிக்காவிலே டியூக் பல்கலைக்கழகத்தில் படித்துக் கொண்டிருந்த டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ் என்ற இரண்டு மாணவர்கள் 1979இல் திட்டம் போட்டு, 1980இல் வெளியே வந்த ஏற்பாடு அது. டெலிபோன் கம்பி வழியாக ஒரு கம்ப்யூட்டர் இன்னொரு கம்ப்யூட்டரை அழைத்து, தன்னிடம் சேர்ந்திருக்கும் செய்திகளைக் கொடுத்து, அதனிடம் இருப்பதை வாங்கிக் கொள்ளும். தலைப்புவாரியாகக் குழுக்கள். முதலாளி இல்லை, தலைமையகம் இல்லை. 1990களின் தொடக்கத்தில் மேற்படிப்புக்கு அங்கே போன எனக்கு, தமிழ் கேட்காத ஊரிலே அதுதான் தெருத்திண்ணை. தமிழ் எழுத்து திரையிலே வராத காலம். ஆங்கில எழுத்தை வைத்துக்கொண்டு தமிழைத் தட்டச்சு செய்வோம். பழைய சினிமாப் பாட்டிலிருந்து இலங்கைப் பிரச்சினை வரை பேச்சு நடக்கும். குளிரிலே இட்லி மாவு பொங்கவில்லையே, என்ன செய்வது என்று புதிதாக வந்தவர் ஒவ்வொருவரும் கேட்பார்கள். அடுப்புக்குள்ளே இருக்கிற விளக்கை மட்டும் போட்டு மாவை ராத்திரி முழுக்க உள்ளே வை என்று யாராவது ஒருவர் சலிக்காமல் பதில் எழுதுவார்.

இந்த யூஸ்நெட் பெருகப் பெருக அவர்கள் செய்த முதல் காரியம், பிரித்தது. 1986, 87 வாக்கில் எல்லாக் குழுக்களுக்கும் பெயர் மாற்றி, ஏழு பெரிய கிளைகளாக்கினார்கள். கம்ப்யூட்டருக்கு ஒன்று, அறிவியலுக்கு ஒன்று, பொழுதுபோக்குக்கு ஒன்று என்று போகும். அந்த ஏழிலே 'டாக்' என்று ஒரு கிளை உண்டு. மதம், அரசியல் போன்று முடிவே இல்லாத வாதங்களுக்கு என்றே ஒதுக்கியது. வேண்டாம் என்கிற நிலையங்கள் அந்தக் கிளையை மட்டும் வாங்காமல் விட்டுவிடலாம். வாதம் பண்ணாதே என்று யாரையும் தடுக்கவில்லை. நம் ஊர்க் கல்யாண வீட்டிலே சீட்டாடுகிறவர்களுக்கு மாடியில் ஒரு அறையைக் காட்டிவிடுகிறோமே, அந்த மாதிரி. அவர்களும் சந்தோஷமாக இருப்பார்கள், கீழே முகூர்த்தமும் தடையில்லாமல் நடக்கும்.

இரண்டாவது, புதியவர்களைப் பழக்கியது. ஒவ்வொரு செப்டம்பரிலும் அங்கே பல்கலைக்கழகங்கள் திறக்கும். புது மாணவர்களுக்குக் கம்ப்யூட்டர் கணக்கு கிடைக்கும். உடனே யூஸ்நெட்டிலே வந்து விழுவார்கள். கேட்ட கேள்வியையே கேட்பார்கள், சம்பந்தமில்லாத இடத்திலே எதையாவது எழுதுவார்கள். பழையவர்கள், "தம்பி, முதலிலே கொஞ்ச நாள் படி. அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளுக்கு இதோ பதில் தொகுப்பு இருக்கு, பார். அப்புறம் எழுது" என்று சொல்லித் தருவார்கள். சில வாரங்களில் அடங்கிவிடும். புதியவனும் பழையவனாகி, அடுத்த செப்டம்பரிலே இன்னொருவனுக்குச் சொல்லிக் கொடுப்பான். ஹாஸ்டலிலே நாமெல்லாம் மெஸ் நேரத்தையும் குளியலறை வரிசையையும் கற்றுக் கொண்டது போலத்தான்.

1993 செப்டம்பர் வாக்கிலிருந்து நிலைமை மாறியது. பணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் இணையலாம் என்று வணிக நிறுவனங்கள் கதவைத் திறந்தன. 1994 மார்ச்சில் அமெரிக்கா ஆன்லைன் நிறுவனம் தன் வாடிக்கையாளர்களை யூஸ்நெட்டுக்குள் விட்டது. இனி வருடத்துக்கு ஒரு முறை என்ற கணக்கில்லை, தினமும் செப்டம்பர். 'முடிவில்லாத செப்டம்பர்' என்ற பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் வழக்கறிஞர் தம்பதி ஒருவர் தங்கள் விளம்பரத்தை 5,000க்கும் அதிகமான குழுக்களில் ஒரே மூச்சிலே போட்டார்கள். கேட்பதற்கு ஆளில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பழையவர்கள் விலகினார்கள்.

இதிலே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 1993க்குப் பிறகு வந்தவர்கள் அதற்கு முன் வந்தவர்களைவிடக் கெட்டவர்கள் அல்ல. ஒரு புதியவனைச் சுற்றிப் பத்துப் பழையவர்கள் இருந்தால் அவன் பார்த்தே கற்றுக் கொள்வான். பத்துப் புதியவர்களுக்கு நடுவே ஒரு பழையவன் இருந்தால் அவன் குரல் எடுபடாது. வந்த கூட்டத்தின் அளவைவிட, வந்த வேகம்தான் யூஸ்நெட்டைச் சாய்த்தது. நம் குழுவிலே போன ஜூனில் ஒரே நாளில் 180 மாணவர்களைச் சேர்த்தோம். வரவேற்பு என்று ஒரு வரி கூட இல்லை. எண்ணை ஏற்றினோம், அவ்வளவுதான். இது செப்டம்பரேதான், நமக்கு ஜூனிலே வந்திருக்கிறது.

சரி, அப்படியானால் கண்டிப்பாக இருந்துவிடலாமே என்பீர்கள். அதற்கும் ஒரு கதை இருக்கிறது. விக்கிப்பீடியா 2001 ஜனவரி 15 அன்று தொடங்கியது. யார் வேண்டுமானாலும் எழுதலாம். கூட்டம் பெருக, விஷமிகளும் வந்தார்கள். அவர்களைத் தடுக்க விதிகள் குவிந்தன. பிழையை உடனுக்குடன் அழிக்கிற இயந்திரங்கள் வந்தன. விஷமம் குறைந்தது உண்மை. ஆனால் நல்லெண்ணத்தோடு வந்து முதல் தடவை தப்பும் தவறுமாக எழுதியவரின் எழுத்தும் அதே வேகத்தில் அழிந்தது. அச்சடித்த மாதிரி ஒரு எச்சரிக்கை மட்டும் வந்து நின்றது. ஆங்கில விக்கிப்பீடியாவிலே சுறுசுறுப்பாகப் பங்களித்தவர்கள் 2007இல் 50,000ஐத் தாண்டியிருந்தார்கள். 2013இல் அது ஏறத்தாழ 31,000 ஆகிவிட்டது. ஆரன் ஹாஃபேக்கர் என்பவரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வு, நல்லெண்ணத்தோடு வந்த புதியவர்களின் எழுத்து மேலும் மேலும் தள்ளப்பட்டதும், அதனாலே அவர்கள் திரும்பி வராததும் இந்தச் சரிவுக்கு முக்கியக் காரணம் என்று காட்டியது.

நம் நாட்டிலே மூத்த மாணவர்கள் புதியவர்களைப் 'பழக்குகிறோம்' என்ற பெயரிலே செய்ததற்குத் தமிழ்நாட்டிலே 1997இல் தடைச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. சொல்லித் தருவதும் ராகிங்கும் ஒன்றல்ல. "இதுகூடத் தெரியாதா? மேலே போய்ப் படிச்சுப் பாரு" என்று 900 பேர் முன்னிலையில் ஒரு மாணவனை மடக்குவது எந்த வகை என்று நாமே யோசித்துக் கொள்ளலாம்.

விக்கிப்பீடியாக்காரர்கள் விழித்துக் கொண்டார்கள். புதியவர்கள் பயமில்லாமல் கேட்பதற்கென்று 2012இல் ஒரு 'தேநீரகம்' திறந்தார்கள். என்ன கேட்டாலும் அங்கே அன்பாகப் பதில் சொல்ல வேண்டும் என்பது வழக்கம். 2003இல் தொடங்கிய நம் தமிழ் விக்கிப்பீடியாவைப் பாருங்கள். பொதுப் பேச்சுக்கு ஆலமரத்தடி என்று ஓர் இடம், உதவி கேட்க ஒத்தாசைப் பக்கம், எழுதிப் பழக மணல்தொட்டி. பெயரிலேயே ஒரு வாஞ்சை இருக்கிறது இல்லீங்களா? சிறு கூட்டமாக இருந்துகொண்டே 2017இல் ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டியிருக்கிறார்கள்.

அடுத்து, ஒழுங்கு பார்க்கிறவர் யார் என்ற கேள்வி. ஸ்லாஷ்டாட் என்று ஒரு தொழில்நுட்பச் செய்தித்தளம். மிச்சிகன் மாநிலத்தின் ஹோப் கல்லூரியிலே படித்த ராப் மால்டா 1997இல் தொடங்கியது. வாசகர் கருத்துகளை முதலில் அவர்களே கவனித்தார்கள். சமாளிக்க முடியவில்லை. 25 பேரைப் பொறுக்கி எடுத்தார்கள். அதுவும் போதவில்லை. 400 பேர் ஆனார்கள். அதிகாரம் கையில் வந்ததும் சிலர் அதைத் தப்பாகப் பயன்படுத்தவும் ஆரம்பித்தார்கள். கடைசியிலே அவர்கள் கண்ட வழி அழகானது. வழக்கமாக வந்து போகிற வாசகர்களிலிருந்து ஆட்களை அவ்வப்போது பொறுக்கி, ஆளுக்கு ஐந்து புள்ளி கொடுப்பார்கள். அதை வைத்து ஐந்து கருத்துகளை மேலே ஏற்றவோ கீழே இறக்கவோ செய்யலாம். மூன்று நாளிலே புள்ளி காலாவதி. எந்த விவாதத்திலே நீ ஒழுங்கு பார்க்கிறாயோ அந்த விவாதத்திலே நீ வாதாடக் கூடாது. கீழே இறக்கிய கருத்து அழியாது. வேண்டுமென்கிறவர் தேடிப் படித்துக் கொள்ளலாம்.

இதைப் படித்தபோது எனக்கு நம் ஏரிப்பாசனம்தான் நினைவுக்கு வந்தது. பாசன ஏரி உள்ள ஊர்களில் நீர்க்கட்டி என்றும் நீர்ப்பாய்ச்சி என்றும் ஒருவர் இருப்பார். மதகைத் திறப்பது, மூடுவது, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் என்று பங்கிடுவது அவர் வேலை. பல ஊர்களில் அவருக்கு அந்த ஆயக்கட்டிலே சொந்த நிலம் இருக்காது. நிலமில்லாத ஒடுக்கப்பட்ட மக்களை அந்த வேலையிலே வைத்து, கூலியாக நெல்லை அளந்து கொடுத்த சமூகம் நியாயமான சமூகம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் தண்ணீரிலே பங்கில்லாதவர் பங்கிட்டால்தான் சந்தேகம் வராது என்ற கணக்கு மட்டும் சரியானது. நம் குழுவிலே நிர்வாகியே கட்சிச் சண்டையிலும் முன்னால் நிற்கிறார், அடுத்த நிமிடம் எதிராளியை நீக்கியும் விடுகிறார். நீக்கியது நியாயமாகவே இருக்கட்டும், யார் நம்புவார்கள்?

இன்னொன்று, நிர்வாகம் கை மாற வேண்டும். பராந்தகச் சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. முந்திய மூன்று ஆண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவரின் பெயரைக் குடவோலையிலே போடக் கூடாது, கணக்குக் காட்டாதவரையும் அவர் உறவினரையும் சேர்க்கக் கூடாது என்று அவை சொல்லுகின்றன. வேதம் படித்த நிலவுடைமையாளர் சிலருக்கு மட்டுமே அந்த வாய்ப்பு இருந்தது என்பதையும் மறைக்க வேண்டாம். அந்தச் சின்ன வட்டத்துக்குள்ளேயே பதவி ஒரே கையிலே தங்கக் கூடாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நம் குழுவுக்கு ஆரம்ப நாளிலிருந்து அதே மூன்று நிர்வாகிகள். பாவம், அவர்களுக்கும் தூக்கம் வேண்டாமா?

எலினோர் ஆஸ்ட்ரோம் அம்மையாரையும் இங்கே நினைக்க வேண்டும். ஏரி, காடு, மீன்பிடி நீர் போன்ற பொதுச் சொத்துகளை மக்கள் தாங்களே எப்படிக் காத்து வருகிறார்கள் என்று ஆராய்ந்து 1990இல் ஒரு நூல் எழுதியவர். 2009இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற முதல் பெண்மணி. நீண்ட நாள் நிலைத்த ஏற்பாடுகளிலே அவர் கண்ட பொதுத்தன்மைகளில் இரண்டை மட்டும் சொல்கிறேன். விதிக்குக் கட்டுப்படுகிறவர்களுக்கு விதியை மாற்றுவதிலும் பங்கு இருக்கும். தண்டனை படிப்படியாக ஏறும். முதல் தப்புக்குச் சின்னக் கண்டிப்பு, திரும்பத் திரும்பச் செய்தால்தான் பெரிய தண்டனை. நம்மிடம் ஒன்று கண்டுகொள்ளாமல் விடுவது, இல்லாவிட்டால் நீக்குவது. நடுவிலே படியே இல்லை.

இப்போது தீர்மானத்துக்கு வருகிறேன். ஜேக்கப் நீல்சன் என்ற ஆய்வாளர் 2006இல் ஒரு தோராயக் கணக்குச் சொன்னார். இப்படிப்பட்ட கூட்டங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் படிக்க மட்டும் செய்வார்கள், ஒன்பது பேர் எப்போதாவது எழுதுவார்கள், ஒருவர்தான் ஓயாமல் எழுதுவார். நமக்குத் தொல்லை அந்த ஒருவரிடமிருந்து. தீர்மானம் அடைப்பதோ அந்த ஒன்பது பேரின் வாயை. வேலைக்கு ஆள் தேவை என்று சொல்கிறவர், ரத்தம் வேண்டும் என்று கேட்கிறவர், தயங்கித் தயங்கிப் புராஜெக்ட் உதவி கேட்கும் மாணவி, எல்லோரும் அந்த ஒன்பதிலே இருக்கிறார்கள். தண்ணீருக்குச் சண்டை வருகிறது என்று மதகையே அடைத்துவிட்டால் சண்டை நிற்கும், பயிரும் காயும்.

ஆகவே மாற்றாக நான்கு யோசனைகளை எழுதிச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன்.

முதலாவது, பிரிப்போம். சங்க அறிவிப்புக்கு ஒரு குழு. அதிலே நிர்வாகிகள் மட்டும் எழுதட்டும். அந்த அளவுக்குத் தீர்மானத்தை நான் ஒப்புக் கொள்கிறேன். வேலைவாய்ப்புக்கும் படிப்பு உதவிக்கும் ஒன்று. அரட்டைக்கும் அரசியலுக்கும் 'திண்ணை' என்று ஒன்று. விருப்பமுள்ளவர் மட்டும் சேரட்டும்.

இரண்டாவது, ஜூனிலே மொத்தமாக ஏற்றாமல், துறைவாரியாக வாரத்துக்கு முப்பது பேராகச் சேர்ப்போம். பத்து மாணவருக்கு ஒரு மூத்தவர் பொறுப்பு. சேருகிறவர் பெயர், துறை, ஆண்டு சொல்லி அறிமுகமாகட்டும். பெயர் தெரிந்தால் வார்த்தை தானாக மட்டுப்படும். சான்றிதழ் நகல் வாங்குவது எப்படி, உதவித்தொகைக்கு யாரைக் கேட்பது என்று அடிக்கடி வருகிற கேள்விகளுக்கு ஒரு பக்கத்தில் பதில் தொகுத்துக் கையிலே கொடுப்போம்.

மூன்றாவது, ஒழுங்கு பார்க்க ஐந்து பேர், ஆறு மாதத்துக்கு. அதிலே குறைந்தது இரண்டு பெண்கள், ஒரு மாணவர். பொறுப்பிலே இருக்கும் வரை அவர்கள் திண்ணையிலே வாதாடக் கூடாது. முடித்தவர் இரண்டு ஆண்டு கழித்துத்தான் மறுபடி வரலாம்.

நான்காவது, படிகள். முதலில் தனியாக ஒரு வார்த்தை. அடுத்தது எழுத்திலே எச்சரிக்கை. பிறகு ஒரு வாரம் ஓய்வு. அதற்கும் கேட்காவிட்டால் நீக்கம். நீக்கப்பட்டவர் முறையிட, அந்த ஐவரில் சேராத ஓர் ஆசிரியர் இருக்க வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. கேட்பதற்கு முன்னாலே அந்த ஒரு பக்கத் தொகுப்பைப் பாருங்கள். நீங்களாக என்ன முயன்றீர்கள், எங்கே நின்றுவிட்டது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். அப்படிக் கேட்டால் பதில் சொல்லாமல் போகிற மூத்தவர் இந்த மண்டபத்திலே கிடையாது. மூத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு மாணவரின் கேள்வி ஒரு நாளுக்கு மேல் பதிலில்லாமல் கிடந்தால் அது நம் எல்லோருக்கும் குறை. தெரியாவிட்டால், தெரிந்தவர் பெயரையாவது சொல்லுவோம்.

பத்து மாணவருக்கு ஒரு மூத்தவர் என்று கணக்குப் போட்டால், வருகிற ஜூனுக்குப் பதினெட்டு பேர் வேண்டும். என் பெயரை முதலாவதாக எழுதிவிட்டேன். பெயர் கொடுக்கும் தாள் சாப்பாட்டுக் கூடத்து வாசலிலே, பந்திக்குப் போகிற வழியிலேயே வைத்திருக்கிறது. மீதி பதினேழு பேரும் அதிலே எழுதிவிட்டால், பிற்பகல் தீர்மானத்துக்கு அதைவிட நல்ல பதில் தேவைப்படாது.